ஆக்சஸ் டினைட்: மறுப்பது யார்?

கல்முனையில் ஒரு மருந்துக்கடை, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை, மட்டக்களப்பு நகரில் ஒரு டியூஷன் நிலையம். இந்த மாதிரி இடங்களில் 'சேர்வர்' என்று காட்டுவது பெரும்பாலும் மேசைக்குக் கீழே யூபிஎஸ்ஸோடு கிடக்கும் பழைய டெஸ்க்டொப் ஒன்றைத்தான். உபுண்டுவோ டெபியனோ, ஏதோ ஒரு லினக்ஸ் போட்டிருப்பார்கள். உள்ளே மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளம் ஓடும். யாரோ எழுதிக் கொடுத்த பிஎச்பி மென்பொருள் அதன் மேல் இருந்துகொண்டு பில் அடிக்கும், இருப்புப் பார்க்கும், சம்பளம் போடும். ஒழுங்காக ஓடும் வரைக்கும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் பில் வராது. திரையில் 'ஆக்சஸ் டினைட்' என்றோ 'பெர்மிஷன் டினைட்' என்றோ ஒரு வரி நிற்கும்.

"தம்பி, நேற்று வரைக்கும் நல்லா வேலை செய்ததுதானே. இண்டைக்கு என்ன வந்தது?"

நியாயமான கேள்வி. அனுமதி தானாக மாறாது. யாரோ அப்டேட் போட்டிருப்பார்கள், டிஸ்க் மாற்றியிருப்பார்கள், பழைய பக்கப்பை (காப்பு நகலை) திருப்பி ஏற்றியிருப்பார்கள், அல்லது இரவு கரண்ட் போய் வந்திருக்கும். ஆனால் அதையெல்லாம் விசாரிக்குமுன் பதற்றத்தில் கை போவது இரண்டு கட்டளைகளுக்குத்தான். ஒன்று, போல்டர் முழுவதற்கும் சிஎச்மோட் 777, அதாவது யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி. மற்றது, தரவுத்தளத்துக்குள் போய், மென்பொருள் நுழையும் கணக்குக்கு 'கிராண்ட் ஆல்', அதாவது எல்லா உரிமையும். சில வேளை இவற்றில் ஒன்று பிடித்துவிடும், வேலை ஓடும். எது பழுதாக இருந்தது என்று மட்டும் கடைசி வரை தெரியாது. அனுமதிச் சிக்கலில் எதையும் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மறுப்பது யார், யாரை மறுக்கிறார்?

கேட்கிற அளவுக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஆலை வாசல் காவலாளி உள்ளே விட்டார் என்பதற்காகக் களஞ்சியச் சாவிக்காரர் கதவைத் திறந்துவிட மாட்டார். இருவரிடமும் தனித்தனிப் பட்டியல். லினக்ஸின் மையமான கேர்னல் பார்ப்பது கோப்பின் உரிமையாளரையும் அதன் மீதுள்ள அனுமதிகளையும். அதற்கு மேலே உபுண்டுவில் ஆப்ஆர்மரும், அல்மா, ரொக்கி போன்ற ரெட் ஹட் குடும்பத்து லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸும், ஒவ்வொரு சேவையும் எங்கே போகலாம் என்ற வேறொரு சட்டத்தைப் பார்க்கும். இவற்றைத் தாண்டித் தரவுத்தளம் எழும்பி நின்ற பிறகு, அது தன் சொந்தப் பட்டியலைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்கும். உள்ளே விட்ட பிறகும், 'இந்த அட்டவணையைத் தொட உனக்கு உரிமை உண்டா' என்று இன்னொரு தரம் பார்க்கும். போல்டருக்கு 777 கொடுப்பதால் தரவுத்தளத்தின் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது. தரவுத்தளத்துக்குள் கொடுக்கும் கிராண்ட் கேர்னலின் காதுக்கே போகாது.

யார் மறுத்தார் என்பது பெரும்பாலும் பிழை வரியிலேயே இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் 1045 என்றால் வாசலிலேயே நிறுத்திவிட்டது: பெயரோ, பாஸ்வேர்டோ, வந்த இடமோ பொருந்தவில்லை. 1044 என்றால் ஆளைத் தெரிந்துகொண்டது, கேட்ட தரவுத்தளத்தில்தான் உரிமை இல்லை. 1142 வந்தால் குறிப்பிட்ட அட்டவணையில் குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் தடை. 2002 இந்தக் கூட்டத்தோடு சேராது. அங்கே தரவுத்தளத்தோடு பேச்சே தொடங்கவில்லை. அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குள் வரும் சின்ன எண்ணைப் பாருங்கள். 2 என்றால், அதே இயந்திரத்துக்குள் தரவுத்தளத்தோடு பேச உதவும் சொக்கெட் கோப்பே அந்த இடத்தில் இல்லை, அனேகமாகத் தரவுத்தளம் ஓடவில்லை. 13 என்றால் சொக்கெட் இருக்கிறது, கேர்னல் கிட்டே விடவில்லை. 111 என்றால் அந்தச் சொக்கெட்டிலோ போர்ட்டிலோ கேட்க ஆள் இல்லை. எண் மறந்துபோனால் டெர்மினலில் 'பீஎரர் 13' என்று அடித்தால் அதுவே பொருளைச் சொல்லும்.

1045 வரியின் வாலில் 'யூசிங் பாஸ்வேர்ட்' என்று ஒரு துண்டு இருக்கும். அதற்குப் பக்கத்தில் 'யெஸ்' என்று இருந்தால் அனுப்பிய பாஸ்வேர்டை அந்தக் கணக்கு ஏற்கவில்லை. 'நோ' என்று இருந்தால் மென்பொருள் பாஸ்வேர்டை அனுப்பவே இல்லை. இரண்டாவது வகையில் பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் பலன் இல்லை. மென்பொருளின் அமைப்புக் கோப்பைப் படிக்க வெப் சேர்வருக்கு அனுமதி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள லினக்ஸ் பயனராக, இருந்து அந்தக் கோப்பைத் திருத்திச் சேமித்த எடிட்டர் சில வேளை உரிமையாளரையும் ரூட்டாக்கிவிடும். டெபியன், உபுண்டுவில் வெப் சேர்வர் ஓடுவது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக. ரூட் மட்டும் படிக்கக்கூடிய கோப்பு அதற்கு இல்லாத கோப்புத்தான்.

ஒரே பெயர், வேறு ஆள்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டும் இல்லை. பெயரும் வந்த இடமும் சேர்ந்தது. 'கடை'@'லொக்கல்ஹோஸ்ட்' ஒரு கணக்கு. 'கடை'@'127.0.0.1' வேறு கணக்கு. 'கடை'@'%', அதாவது எங்கிருந்து வந்தாலும் சரி என்பது, மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று பாஸ்வேர்ட் இருக்கலாம், மூன்று விதமான உரிமை இருக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாததால் வீணாகும் நேரம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் என்பது என் கணிப்பு.

லொக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் ஒரே இயந்திரத்தைத்தானே காட்டுகின்றன என்று தோன்றும். லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கிளையன்ட் 'லொக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லைக் கண்டால் நெட்வேர்க் பக்கம் போகாமல் சொக்கெட் கோப்பு வழியாகப் போகும். 127.0.0.1 என்று எழுதினால் நெட்வேர்க் வழி, அதாவது டிசிபி. டிசிபியில் வந்த முகவரியைத் தரவுத்தளம் பெயராக மாற்றிப் பார்க்கும். அது 'லொக்கல்ஹோஸ்ட்' என்று திரும்பினால் பழைய கணக்கே பொருந்திவிடும். வேகத்துக்காக யாராவது 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் அந்த மாற்றம் நடக்காது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்த அன்றே, பாஸ்வேர்டைத் தொடாமலே, 1045 வந்து நிற்பது இப்படித்தான்.

மென்பொருளைக் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கர் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பிஎச்பி ஒரு கொன்டெய்னரில், தரவுத்தளம் வெளியே. கொன்டெய்னருக்குள் 'லொக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கொன்டெய்னரேதான். டொக்கரின் இயல்பான வலை 172.17-இல் தொடங்கும் என்பதால் பிழை வரியில் 'கடை'@'172.17.0.3' என்று வந்து நிற்கும். பதற வேண்டாம். தரவுத்தளம் தன்னைத் தேடி வந்தவர் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதை அப்படியே எழுதிக் காட்டியிருக்கிறது. அந்த வலைக்கு ஒரு கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி.

உள்ளே நுழைய முடிந்து, ஆனால் உரிமைகள் குழம்பிக் கிடந்தால் இரண்டு ஃபங்ஷன்களைச் சேர்த்துக் கேளுங்கள்: 'யூசர்', 'கரண்ட்_யூசர்'. முதலாவது, நீங்கள் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள் என்பது. இரண்டாவது, தரவுத்தளம் உங்களை எந்தக் கணக்காக எடுத்துக்கொண்டது என்பது. இரண்டும் வேறாக இருந்தால் சிக்கல் அங்கேதான். பழைய நிறுவல்களில் பெயரே இல்லாத கணக்கு ஒன்று லொக்கல்ஹோஸ்ட்டுக்கு இருக்கும். இடம் திட்டவட்டமாகச் சொன்ன கணக்கை '%' போட்ட கணக்குக்கு முன்னால் பார்ப்பது தரவுத்தளத்தின் முறை என்பதால், 'கடை'@'%' என்று நுழைய வந்தவரை அந்தப் பெயரற்ற கணக்கு தட்டிப் பறித்துவிடும். அதை நீக்கினாலே போதும். பிறகு 'ஷோ கிராண்ட்ஸ்' அடித்து உரிமைப் பட்டியலைப் பாருங்கள்.

ரூட் பற்றியும் ஒரு சொல். மரியாடிபி 10.4-இலிருந்து (2019) தரவுத்தளத்தின் ரூட் கணக்கு இயல்பாகவே லினக்ஸ் ரூட் பயனரை சொக்கெட் வழியாக அடையாளம் கண்டு உள்ளே விடும். உபுண்டுவின் மைஎஸ்கியூஎல்லும் அப்படித்தான். ரூட்டாகக் கட்டளையிட உதவும் சூடோவைப் போட்டால் தரவுத்தளப் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கும், பிஎச்பியிலிருந்து ரூட்டாக வந்தால் 1698 அல்லது 1045. இதைப் பழுது என்று நினைத்து ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைத்து மென்பொருளில் எழுதிவிடுகிறார்கள். அது பழுது இல்லை, பாதுகாப்பு. மென்பொருளுக்கென்று ஒரு கணக்கைப் போட ஒரு நிமிடம் ஆகாது. மைஎஸ்கியூஎல் 8.0-இலிருந்து கிராண்ட் கட்டளை இல்லாத கணக்கை உருவாக்காது, 1410 என்று மறுக்கும். முதலில் 'கிரியேட் யூசர்', அப்புறம் கிராண்ட். கூடவே 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்' அடிக்கும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. கிராண்ட் கொடுத்த பிறகு அது தேவையில்லை. உரிமை அட்டவணைகளை நேரடியாகக் கையால் திருத்தினால்தான் தேவை, அப்படித் திருத்தவும் கூடாது.

புது டிஸ்க், பழைய எண்

பெரும்போக அறுவடை நேரம் அம்பாறைப் பக்கத்து ஆலைகளில் தராசு ஓயாது. நெல் கொள்வனவுப் பதிவுகள் ஏற ஏற டிஸ்க் நிரம்பும். புது டிஸ்க் ஒன்றை மாட்டி, தரவு போல்டரை அங்கே மாற்றி, அமைப்புக் கோப்பில் புது இடத்தை எழுதிவிட்டுத் தொடங்கினால் தரவுத்தளம் எழும்பாது. அதன் பதிவுக் கோப்பான லொக்கில் பிழை எண் 13. கோப்பு விவரம் காட்டும் 'எல்எஸ்' அடித்துப் பார்த்தால் உரிமையாளர் மைஎஸ்கியூஎல் பயனர், அனுமதியும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு.

இங்கே முதலில் செய்ய வேண்டியது ரூட்டாகப் பார்ப்பதை நிறுத்துவது. ரூட்டுக்கு எந்தக் கதவும் மூடியிருக்காது, ஆகவே ரூட்டின் கண்ணுக்குச் சிக்கல் தெரியாது. 'சூடோ -யூ மைஎஸ்கியூஎல்' என்று போட்டு, அந்தப் பயனராகவே அந்தப் போல்டரைத் திறந்து பாருங்கள். பிறகு 'நேம்ஐ -எல்' என்று அடித்து முழுப் பாதையையும் கொடுங்கள். அது வேரிலிருந்து தொடங்கிப் பாதையிலுள்ள ஒவ்வொரு போல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் ஒவ்வொரு வரியாகக் காட்டும். ஒரு கோப்பைத் திறக்க அந்தக் கோப்பில் உரிமை இருந்தால் போதாது. அதற்கு மேலேயுள்ள ஒவ்வொரு போல்டரிலும் கடந்து போகும் உரிமை, அதாவது 'எக்ஸ்' பிட், இருக்க வேண்டும்.

டெஸ்க்டொப் உபுண்டுவில் டிஸ்க்கை மவுஸால் சொடுக்கித் திறந்தால் அது '/மீடியா' போல்டருக்குள் அந்தப் பயனரின் பெயரில் ஏறும். அந்தப் பெயர் போல்டர் அவருக்கும் ரூட்டுக்கும் மட்டும் திறந்தது. மைஎஸ்கியூஎல் பயனர் அதைக் கடக்க முடியாது. போதாக்குறைக்கு, இயந்திரத்தை அணைத்துப் போட்டால் யாராவது மறுபடி சொடுக்கும் வரை டிஸ்க் ஏறாது. தொடங்கும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி '/எஸ்ஆர்வி' மாதிரி ஒரு நிலையான இடத்தில் ஏற்றினால் இரண்டு தொல்லையும் போய்விடும். கடையில் வாங்கிய வெளி டிஸ்க் என்றால் அனேகமாக என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் உரிமையாளர் விவரத்தைச் சேமிக்கவே இடமில்லை, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை எத்தனை தரம் அடித்தாலும் ஒன்றும் ஒட்டாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-ஆக ஃபோர்மட் செய்த பிறகுதான் தரவை வைக்க வேண்டும்.

இன்னொரு இயந்திரத்திலிருந்து கழற்றிய டிஸ்க்காக இருந்தால் வேறு வேடிக்கை. லினக்ஸ் டிஸ்க்கில் எழுதி வைப்பது உரிமையாளரின் பெயரை இல்லை, எண்ணை. பழைய இயந்திரத்தில் மைஎஸ்கியூஎல்லின் எண் 112 என்றால் புதியதில் 112 வேறொரு சேவைக்குப் போயிருக்கலாம். 'எல்எஸ்' சம்பந்தமே இல்லாத பெயரைக் காட்டும். இதற்கு சிஎச்ஓன் போதும். நகல் எடுக்கும்போது உரிமையாளரைக் காக்க 'சிபி -ஏ' அல்லது 'ஆர்சிங்க் -ஏ'. வெறும் 'சிபி' ரூட்டாக அடித்தால் எல்லாம் ரூட்டுக்குப் போய்விடும்.

பாதை முழுவதும் சரி, மைஎஸ்கியூஎல் பயனராகவும் திறக்க முடிகிறது, ஆனாலும் சேவை எழும்பவில்லை என்றால் மறுப்பவர் மேல் மாடியில் இருக்கிறார். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லுக்கு ஆப்ஆர்மர் ஒரு எல்லை போட்டிருக்கிறது. '/வார்/லிப்/மைஎஸ்கியூஎல்' போன்ற தெரிந்த இடங்களுக்கு வெளியே அது போக முடியாது. நீங்கள் டெர்மினலில் பார்த்தபோது அந்த எல்லை உங்களைக் கட்டவில்லை, அதனால்தான் திறந்தது. கேர்னல் லொக்கில் 'ஆப்ஆர்மர்' என்ற சொல்லும் 'டினைட்' என்ற சொல்லும் பக்கத்தில் பாதையும் இருக்கும். அந்தச் சேவைக்கான உள்ளூர் விதிக் கோப்பில் புதிய பாதையைச் சேர்த்து, ஆப்ஆர்மரை மறுபடி ஏற்றினால் சரி. எஸ்இலினக்ஸ் உள்ள இயந்திரத்தில் புதுப் போல்டருக்குத் தரவுத்தள வகை லேபல் வேண்டும்: 'செமேனேஜ்' கொண்டு விதி எழுதி 'ரெஸ்டோர்கொன்' கொண்டு ஒட்ட வேண்டும். எஸ்இலினக்ஸை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள் என்று சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். வாங்காதீர்கள்.

மரியாடிபியில், சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டி இன்னொரு சுவர் வைத்திருக்கிறது. அதன் சேவைக் கோப்பில் 'புரொடெக்ட் ஹோம்' இயல்பாகவே போட்டிருப்பதால் '/ஹோம்' போல்டருக்குள் இருப்பது எதுவும் அந்தச் சேவையின் கண்ணுக்குத் தெரியாது. அதை நீக்க வழி உண்டு. தரவை ஹோமுக்குள் வைக்காமல் விடுவது அதைவிட எளிது.

கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் ஒரு போலி அனுமதிச் சிக்கலும் வரும். யூபிஎஸ் பட்டரி செத்து, இயந்திரம் திடீரென்று விழுந்து எழும்பும்போது டிஸ்க்கில் பிழை கண்டால், ஈஎக்ஸ்டி4 அதை வாசிக்க மட்டும் என்று ஏற்றிவிடலாம். எழுதப் போகும் ஒவ்வொன்றும் மறுக்கப்படும். பிழை எண் 30 என்றால் இதுதான். இங்கே சிஎச்மோட்டும் மறுக்கப்படும், அதுவே நல்ல அடையாளம். அனுமதியை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள், அதற்கு முன் பக்கப்பைப் பாருங்கள்.

777 செய்யும் வேலை

777 எல்லாவற்றையும் திறந்துவிடும், பாதுகாப்புக் குறையும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். திறக்கவும் திறக்காது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டும் யாரும் எழுதக்கூடிய அமைப்புக் கோப்பை நம்புவதில்லை. எச்சரிக்கை ஒன்றைப் போட்டுவிட்டுக் கோப்பையே கணக்கில் எடுக்காது. தரவு இருக்கும் இடத்தை அந்தக் கோப்பில்தான் எழுதியிருந்தீர்கள் என்றால் தரவுத்தளம் பழைய இயல்பான இடத்தைத் தேடிப் போகும். அங்கே பழைய தரவு மிச்சமிருந்தால் அதையே திறக்கும்: நேற்றைய பில்கள் காணவில்லை என்ற அலறல் அப்போதுதான் வரும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் இன்னும் கறார். அதன் தரவு போல்டர் 700 ஆகவோ, 11-ஆம் பதிப்பிலிருந்து 750 ஆகவோ இருந்தால்தான் தொடங்கும். சூடோவின் அமைப்புக் கோப்பு 777-இல் மாட்டினால் சூடோவே வேலை செய்யாது. பிறகு திருத்தவும் வழி தேட வேண்டும்.

மருந்துக்கடையின் தரவுத்தளத்தில் ஆட்களின் பெயர், தொலைபேசி எண், என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பது வரை இருக்கும். இலங்கையில் 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் தொழில்நுட்ப ஒழுக்கம் என்று தள்ளிவிடக் கூடிய விஷயமும் இல்லை.

போஸ்ட்கிரஸ் பாவிப்பவர்களுக்கு மூன்று விஷயம் போதும். 'பீர் ஒதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பெயரும் பொருந்தவில்லை. யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் 'பிஜி எச்பிஏ' கோப்பில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் தீர்ப்பு, கீழே எத்தனை வரி சேர்த்தாலும் பயனில்லை. அடுத்தது, 15-ஆம் பதிப்பிலிருந்து (2022) புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்தில் 'பப்ளிக்' என்ற பொது ஸ்கீமாவில் (அட்டவணைத் தொகுதியில்) எல்லாரும் அட்டவணை உருவாக்க முடியாது. உபுண்டு 22.04-இல் வந்தது 14, 24.04-இல் வருவது 16. அதே மென்பொருளைப் புது இயந்திரத்தில் புதிதாக நிறுவும்போது மறுப்பு வருவது இதனால். மூன்றாவது, 'எல்லா அட்டவணைகளுக்கும்' என்று கொடுக்கும் கிராண்ட் அந்த நேரம் இருக்கும் அட்டவணைகளுக்கு மட்டும். நாளைக்கு வருபவற்றுக்கு 'ஓல்டர் டிஃபோல்ட் பிரிவிலேஜஸ்' வேண்டும், அதுவும் அட்டவணைகளை உருவாக்கப் போகும் பயனரின் பெயருக்கே.

ஒற்றைக் கோப்பிலேயே இருக்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் கணக்கும் இல்லை, கிராண்டும் இல்லை, கேர்னல் மட்டுமே. கோப்பில் எழுத அனுமதி இருந்தும் 'ரீட்ஒன்லி டேட்டாபேஸ்' என்று வந்தால் போல்டரைப் பாருங்கள்: பக்கத்தில் ஜேர்னல் கோப்பு ஒன்றை உருவாக்காமல் எஸ்கியூலைட் எழுதாது.

பக்கப் திருப்பி ஏற்றும்போது வரும் மறுப்புகள் கொஞ்சம் வேறு. தரவுத்தளத்துக்குள் எழுதிச் சேமித்த வியூ, டிரிகர் போன்றவை தங்களை எழுதியவரின் கணக்குப் பெயரைச் சுமந்துகொண்டே வரும். அந்தக் கணக்கு புது இயந்திரத்தில் இல்லாவிட்டால் 1449. அந்தப் பெயரில் ஒரு கணக்கைப் போடலாம், அல்லது பக்கப்பாக எடுத்த டம்ப் கோப்பில் அந்தப் பெயரை மாற்றி ஏற்றலாம். பக்கப் எடுக்கும்போதே மறுப்பு வருவதும் உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0.21-இலிருந்து 'மைஎஸ்கியூஎல்டம்ப்' டேபிள்ஸ்பேஸ் விவரம் எடுக்க 'புரொசெஸ்' உரிமை கேட்கும். சின்ன சேர்வருக்கு அந்த விவரம் தேவையில்லை. 'நோ டேபிள்ஸ்பேசஸ்' என்ற தெரிவைச் சேர்த்தால் உரிமையைக் கூட்டிக் கொடுக்காமலே வேலை முடியும்.

ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் கணக்குகளும் உரிமைகளும் அதில் வராது. அவை 'மைஎஸ்கியூஎல்' என்ற தனித் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டிலேயே ஒவ்வொரு கணக்குக்கும் 'ஷோ கிரியேட் யூசர்', 'ஷோ கிராண்ட்ஸ்' தரும் வரிகளை ஒரு கோப்பில் எழுதி, ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு டம்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இயந்திரம் மாறும் நாளில் முதலில் அந்தக் கோப்பு, அப்புறம் டம்ப்.